நூறு எஞ்சினுக்கு நூறு ரிப்பன்

நசிமியுவைத் திருடி என்று சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கென்யாவின் மூலைமுடுக்கெல்லாம் நாற்பது பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் மெஷிமிவா முவங்காங்கி. மெஷிமிவா என்றால் மாண்புமிகு. அரசாங்கம் கொடுத்த பட்டமில்லை, ஓட்டுப் போட்டவர்கள் கொடுத்ததுமில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். வாரநாட்களில் தீக்காவில் ஒரு டயர் கம்பெனியில் துணை மேலாளர். விடுமுறை நாட்களில், கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விண்வெளி விளையாட்டில், ரிஃப்ட் விண்படைச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர்.

"நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல," என்று ஆரம்பித்தார், குறிப்பிட்டுச் சொல்லப்போகிற எல்லாத் தலைவர்களையும் போல. "நூறு எஞ்சினுக்கு முந்நூத்தி முப்பது படிகக்கல் போதும்னு ஒருத்தங்க கணக்குக் கொடுத்தாங்க. எண்பத்திரண்டு எஞ்சின்தான் வந்திருக்கு. கல்லைக் காணோம். கிடங்குச் சாவியும் அதே ஒருத்தங்க கையிலதான். அவங்க நக்குருல இருக்காங்க. திருடின்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஆனா வேற வார்த்தையும் எனக்குத் தெரியல."

நக்குருவில், கூரியர் ஆபீஸ் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த நசிமியுவுக்குக் காது இரண்டும் கொதித்தன. டீயைத் தள்ளி வைத்தாள். கையில் இருந்தால் எறிந்துவிடுவோம் என்று அவளுக்கே பயம்.

சங்கம் ஒரு தாய்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தது. ஹராம்பே என்ற ஊர்கூடி வசூல் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கல் வெட்டிக் கொடுத்து, ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதுபோலத்தான் கட்டினார்கள். அதிகம் வெட்டியவன் செருயோட். கெரிச்சோவில் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே வெட்டினான். ஒரு எஞ்சினுக்கு மூன்று கல். எஞ்சின் செய்ய அவர்களிடம் இருந்தது இன்னும் மேம்படுத்தாத வரைபடம். செய்யும்போது பத்தில் ஒரு பங்கு கல்லைச் சேதாரமாக விழுங்கிவிடும். ஆக நூறு எஞ்சினுக்கு முந்நூறு, சேதாரம் முப்பது. கணக்கில் எங்கே ஓட்டை?

"மெஷிமிவா, சனிக்கிழமை எஞ்சின் வேலையை யார் ஓட்டினது?" என்று கேட்டாள் நசிமியு. "நான் அன்னிக்கு டியூட்டி. கிடங்கைத் திறந்து வெச்சுட்டுப் போனேன்."

பதில் தலைவரிடமிருந்து வரவில்லை. அவருக்காகப் பேசுவதற்கென்றே பிறந்த கிடோங்காவிடமிருந்து வந்தது. "என்ன கேள்விக்கா இது! மெஷிமிவா தன் பொற்கரத்தால தொடங்கி வெச்சாரு. விழாவே நடந்துச்சே! நான்தான் மைக்கு."

"நூறையும் ஒரே தடவையா போட்டாரா?"

"ஒரே தடவையாவா? அது என்ன மரியாதை? ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு ரிப்பன், ஒரு பேச்சு, ஒரு கைதட்டல். கடைசில கல்லு தீர்ந்து விழா பாதில நின்னுபோச்சு. இன்னும் பதினெட்டுப் பேச்சு எழுதி வெச்சது அப்படியே கிடக்கு."

நசிமியு சிரித்தாள்.

"செருயோட், தொழிற்கூடத்தைத் திற. ஒரு எஞ்சின்னு போடு. எத்தனை கல்லு கேக்குது?"

"நாலு."

"மூணுதானே கேக்கணும்?"

"நாலு கேக்குதுக்கா."

"மூணுல பத்துல ஒரு பங்குன்னா கால் கல்லுக்குக் கொஞ்சம் மேல. இந்த விளையாட்டுல கல்லுக்குத் துண்டு கிடையாது. துண்டு விழுந்தா முழுசா எடுத்துக்கும். இப்போ நூறுன்னு போடு."

"முந்நூத்தி முப்பது." செருயோட்டின் குரல் மெல்லத் தடித்தது. "ஒண்ணொண்ணா போட்டா நானூறு போயிருக்கும். யாரும் எடுக்கல. ரிப்பன்தான் தின்னிருக்கு."

"கிடங்குல ரெண்டு கல்லு மிச்சம் கிடக்கு," என்றாள் நசிமியு. "எண்பத்திரண்டை நாலால பெருக்கிப் பாருங்க, மெஷிமிவா. பேச்சு எழுதின அதே பேனாவால."

ஹெட்போனில் யாரோ ஒருவர் வீட்டுக் கோழி மட்டும் கொக்கரித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பாத்தீங்களா! தலைமையோட இடைவிடாத கண்காணிப்பால ஒரு பெரிய கசிவு கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. இதை ஆராய என் தலைமையில ஒரு குழு அமைக்கறேன். நடந்ததை ஏத்துக்கிட்டு முன்னால போவோம்."

நசிமியுவின் திரையில் தனிச்செய்திகள் வந்து விழுந்தன. சரியாச் சொன்னீங்கக்கா. அவரு எப்பவும் இப்படித்தான். நான் உங்க பக்கம். பதினொரு பேர். பதினொரு பேரும் பொதுவில் வாயே திறக்கவில்லை. தலைவரைவிட அந்தப் பதினொரு பேர் மேல்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது. கிடங்கைப் பூட்டினாள். கப்பலின் உடல், எண்பத்திரண்டு எஞ்சின், இரண்டு கல், எல்லாம் உள்ளே.

"பூட்டிட்டேன். திருடின்னு சொன்ன இதே இடத்துல, இதே ஆளுங்க முன்னாடி, இல்லன்னு சொல்லுங்க."

"மிரட்டறியா?"

"ஆமா."

முவங்காங்கி பெருமூச்சு விட்டார். தேசத்துக்காக விடுகிற மாதிரியான பெருமூச்சு. "என் வார்த்தைகளால யாருக்காவது மனசு புண்பட்டிருந்தா—"

"அந்த 'இருந்தா' வேண்டாம், மெஷிமிவா," என்றான் செருயோட். "அதுல பாதிக் கல்லு நான் வெட்டினது. தூக்கத்தை விட்டுட்டு வெட்டினேன். நீங்க ரிப்பன் வெட்டித் தீர்த்துட்டு அவங்களைத் திருடிங்கறீங்க. நேரா சொல்லுங்க, இல்லன்னா நான் வேற சங்கம் பாத்துக்கறேன்."

"நானும்," என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று. முதலில் ஒருவர் பேசிவிட்டால் வீரம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது!

"நசிமியு எதையும் எடுக்கல," என்றார் தலைவர். கொஞ்சம் பொறுத்து, பல் பிடுங்கும்போது வருகிற குரலில், "வீணாக்கினது நான்."

பழக்கதோஷத்தில் கிடோங்கா கைதட்டினான்.

"நிறுத்துடா," என்றாள் நசிமியு. கிடங்கைத் திறந்தாள். கோபம் இறங்கவில்லை, இறங்க வேண்டிய அவசியமும் அவளுக்குத் தெரியவில்லை. "மிச்சம் பதினெட்டையும் ஒரே தடவையா போட்டா அறுபது கல்லு. ரெண்டு இருக்கு. ஐம்பத்தெட்டு வெட்டணும். வீணாக்கினவரே வெட்டட்டும். மெஷிமிவா, உங்க கப்பலை எடுங்க."

தலைவரின் கொடிக்கப்பல் பளபளவென்று வந்து நின்றது. ஒன்பது பீரங்கி, தங்க முலாம், பக்கவாட்டில் அவர் பெயர். கல் பாறைக்கு எதிரே நெடுநேரம் அசையாமல் நின்றது.

"இந்தக் கல்லு வெட்டற கருவி," என்றார் மெஷிமிவா முவங்காங்கி, குரலைத் தாழ்த்தி, "அது எங்க விக்குது?"