வாரத்துக்கு விட்ட மெஷின்

ராயபுரத்துப் பனியன் கம்பெனியின் பின்வாசலில், எடைக்குப் போடுவதற்காகப் பழைய ஓவர்லாக் மெஷின்களை இறக்கி வைத்திருந்தார்கள். தையல்காரி அனிதா மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். நேராக முதலாளி பிரபாகரிடம் போனாள்.

"சார், அதுல ஒண்ணை எனக்கு வாரத்துக்கு விடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, அதென்ன வெள்ளாடா?"

வெள்ளாட்டு வாரம் இருவர் குடும்பத்துக்கும் பழகியதுதான். குண்டடத்தில் பிரபாகரின் தாத்தா ஆடுகளை அனிதாவின் அம்மாவைப் பெற்ற அப்புச்சி கன்னையன் முப்பது வருஷம் மேய்த்தார். தாய் ஆடு பண்ணையத்துக்கு. ஈனுகிற குட்டியில் பாதி மேய்ப்பவருக்கு. ஆனால் பொறுக்கி எடுப்பது பண்ணையக்காரர். பெட்டைக்குட்டி அவர் பட்டிக்குப் போகும், கிடாக்குட்டி கன்னையன் கைக்கு வரும். கிடா ஈனுமா? அந்தப் பட்டி பெருகிப் பெருகி ராயபுரத்தில் கம்பெனியாக எழுந்தது. கன்னையன் கடைசிவரை அடுத்தவர் ஆட்டையே மேய்த்தார்.

"ஒரு வருசத்துல ரெண்டு குட்டி போடுமுங்க, தைக்கற காசுல ரெண்டு மெஷினு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. போடலீன்னா நானே எடைக்கடைல தூக்கிப் போட்டர்றேன்."

"யாரு பொறுக்கறது?"

"நீங்களே பொறுக்கிக்குங்க சார். மெஷின்ல கிடா ஏதுங்க?"

பிரபாகருக்குச் சிரிப்பு நின்றது. "எடுத்துட்டுப் போ" என்றார்.

பகலில் தங்கை சித்ரகலா மிதித்தாள். ஷிப்டு முடிந்து வந்து அனிதா மிதித்தாள். குழந்தைகளுக்கான பனியன் துணி கூலித் தையலுக்கு வந்து குவிந்தது. மூன்று முறை நூல் கோக்கும் லூப்பர் உடைந்தது. "கிழட்டு ஆடுங்க்கா இது" என்றான் மெக்கானிக் தங்கதுரை. பத்து மாதத்தில் ஒரே குட்டிதான். அப்புச்சியின் கதைதான் தனக்கும் என்று அனிதா பயந்தே போனாள். பண்டிகை ஆர்டர் வந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கையில் இரண்டாவது குட்டியும் வீட்டுக்குள் வந்தது.

சொன்ன நாளில் டெம்போ ராயபுரத்தில் நின்றது. தாயையும் பிரபாகர் பொறுக்கிச் சொன்ன குட்டியையும் ஒரே புதுக் கயிற்றால் கட்டி, வேப்பிலை செருகியிருந்தாள். பிரபாகர் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தாய் உன்கிட்டயே இருக்கட்டும்மா. இன்னொரு ஈத்துப் பாக்கலாம்."

"வேண்டாமுங்க. எம்பட குட்டி இப்பவே சினைங்க!"

வாசலில் நின்ற தையல்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள். பிரபாகரும் சிரித்துவிட்டார்.

மெஷின்களை இறக்கியதும் அனிதா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். ஆட்டைக் கொடுப்பவர் கயிற்றைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதோடு ராசியும் போய்விடும். கன்னையன் பிடித்த கயிறுகளும் பண்ணையத்துடையவை.

"அதையுமா எடுத்துட்டுப் போறே?"

"இது நான் வாங்குன கயிறுங்க சார்."

டெம்போவின் முன்சீட்டில் ஏறி, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.