குளிர் கம்பி

எந்தச் சாமானைக் கையில் வாங்கினாலும் நிஸார் வாத்தியார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

பதிலும் எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணுமே பண்ணல வாத்தியாரே, தானா நின்னுபோச்சு."

கூடவே அல்லாமேல் ஆணை வேறு வைப்பார்கள். பாக்தாத்தில் எங்கள் தெருவில் தானாக நின்றுபோகாத சாமானே கிடையாது. உம் சர்மதின் இஸ்திரிப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே அரை டம்ளர் ஏலக்காய்த் தேநீர் இருந்தது. அது தானாக நின்றது. ரொட்டிக்கடை ஜப்பாரின் டிவி ரிசீவருக்குள் ஏழு பேரீச்சங்கொட்டை கிடந்தது. அதுவும் தானாக நின்றதுதான். நிஸார் கோபித்துக்கொள்ள மாட்டார். நடுநிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிற மனுஷன், பொய் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். கழற்றிய திருகுகளைத் தேநீர்த் தட்டில் போடுவார். முகர்ந்து பார்ப்பார். பாதி கோளாறு மூக்குக்கே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. காசு வாங்குவதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எதிராளியின் முழியைப் பார்ப்பதுதான் அவருக்குக் கூலி என்று அவர் மனைவி ஷதா சொல்வாள்.

அப்படி ஊர்ச் சாமானுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டில், இந்த மார்ச் மாதம், சொந்தச் சாமான்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. முதலில் போன் சார்ஜர் போனது. அப்புறம் ரேடியோ. மூன்றாவதாகப் போனதுதான் பெரிய அடி. ரஃபலின் மூச்சு மெஷின்.

ரஃபல் அவர்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் காத்துக் கிடந்து பெற்ற பிள்ளை, இப்போது வயது ஏழு. புழுதி அடித்தால் அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். மருந்தைப் புகையாக்கி மூக்குக்குள் ஊதும் அந்த மெஷின்தான் அந்த நேரத்தில் அவளுக்கு உயிர். நிஸார் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது. இன்னொன்று வாங்கிவந்தார். ஒன்பதே நாளில் அதே கருகல், அதே நாற்றம். மூன்றாவதை மருந்துக்கடைக்காரர் இரவலாகக் கொடுத்திருந்தார். "இதுதான் கடைசி வாத்தியாரே, பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். புழுதிக் காலமோ இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

"நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்று ஷதா அவரையே கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள்.

"நான் என்ன பண்ணேன்? நாட்டுக் கரண்ட் அடிக்குது. வர்றப்பவே அடிச்சுக்கிட்டுத்தான் வருது."

தெருவே அப்படித்தான் சொல்லும். அரசாங்கம் விடும் நாட்டுக் கரண்ட் வந்தால் பிள்ளைகள் கூச்சல் போடும், போனால் தெருமூலையில் இருக்கும் ஜெனரேட்டர் உறுமும். ஜெனரேட்டரில் ஓடும்போது நிஸார் வீட்டில் ஒரு குண்டு பல்புகூடப் போனதில்லை. கருகியதெல்லாம் நாட்டுக் கரண்ட் இருக்கும்போதுதான். ஆகவே குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நிஸார் மட்டும் வோல்ட் மீட்டரை எடுத்துவந்து அளந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை பகலில் இருநூற்று இருபத்து நாலு காட்டியது. மறுநாள் காலையில் இருநூற்று இருபத்தாறு. தங்கமான கரண்ட். தங்கமான கரண்ட் எப்படி மெஷினை எரிக்கும்? மேசையில் மீட்டரை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

இங்கே அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நிஸாரின் அப்பா கட்டிய வீடு. அப்பா போனபின் தம்பி சினான் வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போகலாம் என்றான். அண்ணன் முடியாது என்றார். வாய் முற்றி, ஒரு கோடையில் கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. அறைகளைப் பிரித்தார்கள். முற்றத்தைப் பிரித்தார்கள். நாரத்தை மரத்தைக்கூடக் கிளைக்கணக்கில் பிரித்தார்கள், வெட்கக்கேடு. கடைசியில் மின்சாரம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு சூட்டுக் கம்பி வந்தது, திரும்பிப் போக ஒரே ஒரு குளிர் கம்பி. எங்கள் ஊரில் கரண்ட் கொண்டுவரும் கம்பிக்குச் சூடு என்றும் திரும்பு கம்பிக்குக் குளிர் என்றும்தான் பேர். ஆளுக்கொரு சூட்டை எடுத்துக்கொண்டார்கள். குளிர் கம்பியைப் பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதில் கரண்ட்டா வருகிறது சண்டை போட? அது இருவருக்கும் பொதுவாக, சுவருக்கு நடுவே ஒரு பெட்டியில், அப்படியே நின்றுவிட்டது. கம்பி வேலை நிஸார் செய்தார். பெட்டியோடு சேர்த்துப் பூச்சு வேலையைச் சினான் செய்தான். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்கள்தான். மூன்று வருஷம் ஆகிறது. பெருநாளன்று தம்பிதான் அண்ணன் வாசலுக்கு வர வேண்டும், அது முறை. அண்ணன் ஆறு பெருநாள் காப்பி கொதிக்க வைத்துக் காத்திருந்தார். அவன் வரவில்லை.

ஆனால் பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் வழியாகத் தட்டு போகும், தட்டு வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. சினானின் மனைவி ஹனா இலையில் சோறு சுருட்டிய டோல்மா கொடுத்தால், ஷதா அந்தத் தட்டில் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட களைச்சா வைத்துக் கொடுப்பாள். ஆண்களும் அதை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார்கள்.

அப்படித் தட்டு மாறிய ஒரு நாள் ஷதா கீழே வந்து சொன்னாள். "ஹனா அழுவுறா. அவங்க வீட்ல சாயங்காலமானா பல்பு செத்த மீன் கண்ணு மாதிரி ஆகிடுதாம். ஹீட்டர் போட்டா ரெண்டு மணி நேரமாகியும் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்காம்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்கதான் அவங்க லைன்ல கரண்ட் திருடுறீங்களாம். சினான் சொல்றாராம்."

நிஸாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா? திருடுறேனா? அந்தச் சிமெண்ட்டு மூட்டை தூக்கறவன் என்னைத் திருடன்ங்கறானா? அவன் படிச்சதே என் புஸ்தகத்துல!"

"கத்தாதீங்க. சுவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

கத்தி முடித்து, தேநீர் குடித்தபிறகுதான் மண்டை வேலை செய்தது. அங்கே குறைகிறது. இங்கே எரிகிறது. சாயங்காலம். சினான் சிமெண்ட் கடையிலிருந்து நாலு மணிக்கு உடம்பெல்லாம் சாம்பலாக வருவான், வந்ததும் குளியல். மறுநாள் நாலு மணிக்கு நிஸார் எல்லாச் சாமானையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூடத்துப் பல்பை மட்டும் எரியவிட்டு, மீட்டரோடு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பல்பு கல்யாண வீட்டுப் பல்புபோலப் பளிச்சென்றது. மீட்டர் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. முந்நூற்றுப் பத்துக்கு ஏறியது. பல்பு பட்டென்று தெறித்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொதுவாக இருந்த குளிர் கம்பி, சுவருக்குள் எங்கோ இணைப்பு தளர்ந்து கிடக்கிறது. அந்த வீட்டு ஹீட்டர் வாங்கும் கரண்ட் குளிர் கம்பி வழியே திரும்ப முடியாமல் இந்த வீட்டுச் சாமான்கள் வழியாகப் பாய்கிறது. பெரிய சாமான் உள்ள பக்கம் மங்கும், சின்னச் சாமான் உள்ள பக்கம் அடி வாங்கும். ஜெனரேட்டருக்கு வீட்டுக்கு வீடு தனிக் கம்பி, அதனால்தான் அதில் எதுவும் போகவில்லை. திருடனும் இல்லை, ஒன்றும் இல்லை.

சரி, சுவரை உடைத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியின் வாய் இருப்பது சினான் பக்கம்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் ஷதா.

"நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கு என்பது இரண்டு நாளாயிற்று. திருடன் என்று சொன்னவன் வாசலில் போய் எப்படி நிற்பது? அவன் சின்னவன், அவன்தான் வர வேண்டும். ஹனா மூலமாகச் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தார், அதுவும் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. இரவல் மெஷினை ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் போட்டால் போதும் என்று தனக்குத்தானே ஏற்பாடு செய்துகொண்டார். நோய் ஜெனரேட்டரைக் கேட்டுக்கொண்டா வரும்? பூகோளம் படித்தவருக்கு அது தெரியாமல் இல்லை.

வியாழக்கிழமை மூன்றரைக்கு மேற்கே வானம் செங்கல் நிறமாயிற்று. பத்தே நிமிஷத்தில் எதிர்வீடு தெரியவில்லை. ஷதா ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்தாள். புழுதி எப்படியோ உள்ளே வந்துவிட்டது, பல்லில் நறநறத்தது. ரஃபலுக்கு இழுக்க ஆரம்பித்தது. முதலில் விசில்போல, அப்புறம் தோள்பட்டை தூக்கித் தூக்கி.

"மெஷினைப் போடுங்க!"

நிஸார் சொருகப்போனார். மேலே பல்பு பளிச்சென்று ஏறியது. நாட்டுக் கரண்ட். நாலு மணி. சினான் வந்துவிட்டான். கை அப்படியே நின்றது. இது எரிந்தால் வேறு இல்லை. பிள்ளை உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது. அவள் அழக்கூட இல்லை, அழ மூச்சு வேண்டுமே. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வீணாக்கினேனே பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

செருப்புப் போடாமல் ஓடினார். வாயில் துணியைக் கட்டவும் தோன்றவில்லை. தம்பி கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

சினான் திறந்தான். இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை. "என்ன அபூ ரஃபல்?" என்றான், அண்ணா என்று கூப்பிடாமல், 'ரஃபலின் அப்பா' என்று அந்நியனைக் கேட்பதுபோல.

"ஹீட்டரை அணைடா. புள்ளைக்கு..." சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

சினான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நுரையோடு உள்ளே ஓடி ஹீட்டரை அணைத்தான். தண்ணீர் மோட்டாரை அணைத்தான். என்ன ஏது என்று தெரியாமலே பிரிட்ஜைப் பிடுங்கினான், ஹனா கையிலிருந்த மிக்சியைக்கூடப் பிடுங்கினான். பிறகு அண்ணனுக்கு முன்னாலேயே அண்ணன் வீட்டுக்குள் ஓடி நின்றான்.

நிஸார் மீட்டரை வைத்தார். இருநூற்று இருபத்தைந்து. மெஷினைப் போட்டார். டர்ரென்று ஓடியது. வெள்ளைப் புகை வந்தது. ஷதா மூடியை மகள் மூக்கில் பிடித்தாள். நால்வரும் அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஹனாவும் பின்னாலேயே வந்திருந்தாள். கால் மணி கழித்து ரஃபல் மூடியை விலக்கிவிட்டு, "சித்தப்பா ஏன் சோப்போட வந்திருக்காரு?" என்று கேட்டாள். ஷதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சினான் சட்டையைப் போட்டுக்கொண்டு உளியும் சுத்தியலுமாக வந்தான். வாசல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, சினான் பக்கத்துச் சுவருக்குப் போனார்கள். நிஸார் விஷயத்தைச் சொன்னார். சினான் தலையைக் குனிந்தபடி கேட்டு முடித்துவிட்டு, "உங்களைத் திருடன்னு சொல்லியிருக்கேன்" என்றான். "கேட்டேன்" என்றார் நிஸார். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

பூச்சு உடையவே மாட்டேன் என்றது. "நான் பூசினது, லேசுல வராது" என்று சொல்லிக்கொண்டே சினான் ஓங்கி அடித்தான். அந்தப் பூச்சில் அவனுக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரம் முழுவதும் இருந்தது. கடைசியில் பெட்டி தெரிந்தது. மூடியைக் கழற்றினார்கள். கருகல் நாற்றம் குப்பென்று வந்தது.

உள்ளே சூட்டுக் கம்பிகள் இரண்டும் திருகுக் கட்டையில் அழகாக இறுக்கப்பட்டிருந்தன. குளிர் கம்பிக்குக் கட்டையே போடவில்லை. கையால் மூன்று முறுக்கு, மேலே ஒரு சுற்று டேப். டேப் உருகி, செம்பு கறுத்து, இரண்டு நுனியும் சும்மா உரசிக்கொண்டு நின்றன. மாணவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.

சினான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்த மேசையருகே நின்று அவன் கேட்டு வளர்ந்த கேள்வி, அதுவாக வாயில் வந்துவிட்டது.

"நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க அண்ணா?"

ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுபோச்சு. அந்தப் பதில் நிஸாரின் நாக்கு நுனிவரை வந்தது. தெரு முழுக்க அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கட்டை என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு" என்றார். "போட அஞ்சு நிமிஷம் ஆகும். உன் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்கப் பிடிக்கல. முறுக்கிவிட்டுட்டுப் போயிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ரஃபல் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சினான் கறுத்த நுனிகளை வெட்டி, செம்பு மின்னும்வரை கத்தியால் சுரண்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"கட்டையை மெதுவாப் போடுங்க" என்றான். "நான் நிக்கிறேன்."