ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

மர அறுவை மில்லும் கதவுப் பட்டறையும் சேர்ந்த அந்தக் காரைக்குடிக் கம்பெனியில் செந்தாமரைக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். ஆபீஸ் முழுக்க அவள் கையில்தான். மற்ற இடங்களில் ஃபைல் காணாமல் போகும், இங்கே போகாது. போனால் அவள் ஒருத்தரையும் சும்மா விடமாட்டாள்.

சித்திரை பிறந்ததும் முதலாளி நவநீதகிருஷ்ணன், காகிதத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கும் சாப்ட்வேர் ஒன்றை வாங்கினார். பீரோ பீரோவாகக் கிடந்ததை ஸ்கேன் செய்து ஆள்வாரியாக அடுக்கவேண்டும். நாற்பத்து மூன்று பேருடைய சர்வீஸ் ஃபைலையும் மூன்றே வாரத்தில் ஏற்றி முடித்தாள் செந்தாமரை.

அங்கேதான் வந்தது வினை. அவளையும் சேர்த்துப் பதினேழு பேரை சாப்ட்வேர் சிவப்பில் காட்டியது. பதினேழு பேரும் பிறந்தது ஜூன் ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசிய சாப்ட்வேர்க்காரன் இளமாறன், டைப் அடிக்கையில் தவறிவிட்டதா மேடம் என்று கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு வாத்தியார் எழுதியதுதான் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி. அதை இவனுக்கு எங்கே போய் விளக்குவது? வேறு சான்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். முதலாளி, ஜாதகமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ இருக்கிறவர்கள் கொண்டுவரட்டும், இல்லாதவர்களுக்குப் பழைய தேதியே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

ரம்பம் ஓட்டுகிற பெத்தன் தன் அம்மாவின் பிரசவச் சீட்டைச் சிரித்துக்கொண்டே நீட்டினான். படித்துக்கூடப் பார்க்கவில்லை, வெள்ளந்தி. அதன்படி அவனுக்கு ஐம்பத்தெட்டு தாண்டி நாலு மாதம். ஐம்பத்தெட்டோடு கம்பெனியில் ஓய்வு. விஷயம் தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"இத ஏத்தாம விட்ருங்கக்கா. நான் கொண்டாரலன்னே வச்சுக்கங்க."

கைக்கு வந்த காகிதத்தை வரவில்லை என்று தன்னால் சொல்லமுடியாது என்றாள். ஏற்றினாள். ஓய்வுக் கடிதத்தை சாப்ட்வேரே அடித்துக் கொடுத்தது. முறையாகத்தான் செய்தாள், ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத் தேதிப்படி அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. மதுரையில் படிக்கிற மகள் ஸ்வேதாவுக்கும் பாக்கி ஒரு வருடம்தான். புருஷன் இல்லாத வீட்டில் இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. வாத்தியார் வயதைக் கூட்டிப் போட்டுவிட்டார் என்று அம்மா எப்போதும் சொல்வாள். அப்படியானால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் கிடைக்குமே என்ற ஆசையில் ஒக்கூரில் இருக்கும் தம்பி முத்துராமலிங்கத்திடம் ஜாதகத்தைத் தேடச் சொல்லியிருந்தாள்.

பெத்தன் போன நாலாம் நாள் அது வாட்சப்பில் வந்தது. விசுவாவசு வருடம், ஆவணி மாதம்.

கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை. இப்போது பிறந்திருப்பதும் விசுவாவசுதான். அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருவது. வருகிற ஆவணியில் அவளுக்கு அறுபது முடிகிறது. எட்டு வயதை நெருங்கிய பிள்ளையை ஐந்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறாள் அம்மா. கல்யாணப் பேச்சில், வாத்தியார் கூட்டிப் போட்டுவிட்டார் என்று சொல்லி அதையும் குறைத்திருக்கிறாள். குறைத்ததைச் சாகிறவரை மாற்றவில்லை. செத்துப்போன அம்மாவின் மேல் செந்தாமரைக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

படத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. அழித்துவிட்டு, ஜாதகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தம்பியும் வாயைத் திறக்கமாட்டான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது. பிறகு படத்தைத் தன் ஃபைலில் ஏற்றி, தேதியைத் திருத்தினாள். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அவள் பெயர் ஓய்வு பெற்றவர்கள் பட்டியலுக்குப் போனது. மறுபடி உள்ளே நுழையப் பார்த்தால் அனுமதி இல்லை என்றது.

முதலாளி அறைக்குப் போனாள். சாப்ட்வேர் அனுப்பிய அவளுடைய ஓய்வுக் கடிதத்தைத்தான் அவர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜாதகம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஸ்வேதா படிப்புக்கு இனி என்ன செய்வீக?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"தெரியல முதலாளி. பெத்தன் வீட்ல என்ன செய்வாகன்னு நான் கேக்கலையே."