கழுத்துத் தடித்த தோட்டாக்கள்

முந்தின நாள் ஐனார் வேலிக்கம்பத்தைக் குறிவைத்து ஒரு வெடி வெடித்துப் பார்த்துவிட்டுத்தான் மலைக்கு வேட்டையாடக் கிளம்பியிருந்தான். அவன் விட்டுச்சென்ற, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கொட்டகை மேசையில் கிடந்தது. ஆர்லோ ஒரு புதுக் குண்டை எடுத்து அதன் வாய்க்குள் போட்டுப் பார்த்தான். சுட்ட கூட்டின் கழுத்து விரிந்திருக்கும், குண்டு தானாக உள்ளே விழ வேண்டும். விழவில்லை. அழுத்தியும் போகவில்லை.

ஆர்லோ மேசையிலிருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தான்.

ஐனார் போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் துப்பாக்கிக்கு மொன்டானாவில் தோட்டா கிடைப்பது அபூர்வம். அதனால் ராணுவம் மூட்டையாகத் தள்ளிவிட்ட காலிக் கூடுகளை வாங்கி, அச்சில் அழுத்தி, நீளத்தை வெட்டி ஆர்லோவே செய்துகொடுப்பான். அப்படிச் சுருக்கும்போது கழுத்தில் பித்தளை தடித்துவிடும். உள்ளே குடைந்து மெலிதாக்காவிட்டால் அது குண்டை இறுக்கிப் பிடிக்கும். வெடிமருந்தின் அழுத்தம் ஏறித் துப்பாக்கி பின்பக்கமாக, சுடுபவன் முகத்தில் வெடிக்கும். குடைந்த கூடுகளின் தட்டும் குடையாதவற்றின் தட்டும் மேசையில் அருகருகே இருந்தன. குடைந்தது இன்னும் நிறைந்தபடியே இருந்தது; குடையாததுதான் காலியாகியிருந்தது.

அவன் வண்டிச் சாவியை எடுக்கும்போது மனைவி தெல்மா வாசலில் நின்றாள்.

"எங்க போற?"

"உன் தம்பிகிட்ட."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவன் சொன்னான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மலைப்பாதையில் பனி. வண்டி வழுக்கி வழுக்கி ஏறியது.

"எல்லாமே அப்படியா?" என்று பாதி வழியில் கேட்டாள்.

"தெரியல. அவனுக்குக் குடுத்த பெட்டி முழுக்க அப்படி இருக்கலாம்."

"நேத்து சுட்டது வெடிக்கலையே."

"ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கும், தெல்மா. நேத்து தப்பிச்சிருச்சு, அவ்வளவுதான்."

"வேகமாப் போ. வேண்டாம், மெதுவாப் போ. பள்ளத்துல விழுந்தா அவனுக்குச் சொல்ல ஆளிருக்காது."

ஓடையைக் கடந்தபோது மேலே வெடிச்சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. தெல்மா அவன் கையைப் பிடித்தாள். இருவரும் அடுத்த வெடிக்காகக் காத்தார்கள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வெடி வராதது நல்லதா கெட்டதா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

ஐனார் போட்டிருந்த கூடாரத்துக்கு மேலே பைன் மரங்களுக்கிடையே ஒரு பெரிய எல்க் மான் விழுந்துகிடந்தது. அதன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்து, சுட்ட கூட்டை வெளியே தள்ளும் துப்பாக்கிப் பூட்டின் கைப்பிடியைப் பூட்ஸ் காலால் உதைத்துக்கொண்டிருந்தான் ஐனார். வலக்கன்னம் முழுக்கக் கரும்புள்ளிகள், அவற்றிலிருந்து ரத்தம் கசிந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லை விரிசல் விட்டிருந்தது.

"வா மச்சான். உன் தோட்டாவுக்கு என் துப்பாக்கிய ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெளிய வரவே மாட்டேங்குது" என்றான்.

"அத விடு. தொடாத. தள்ளி வை."

"ஏன், கடிக்குமா?"

"கழுத்து குடையல ஐனார். தட்டு மாறிப்போச்சு. என் தப்பு."

ஐனார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். விரிசல் விட்ட வில்லையை விரலால் தடவினான். அவனுடைய சிரிப்பு போய்விட்டது.

"ரெண்டாவது ஒண்ணு போடலாம்னுதான் உதைச்சிட்டிருந்தேன்" என்றான் மெதுவாக.

தெல்மா பனியை அள்ளித் தம்பியின் கன்னத்தில் வைத்தாள். புருஷனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.  ஆர்லோ துப்பாக்கியைப் பார்த்தபடியே நின்றான்.

"நின்னுட்டே இருந்தா மான் நடந்து வராது. பின்னங்கால பிடி மச்சான்" என்றான் ஐனார்.

இருவரும் மானை வண்டிவரை இழுத்தார்கள்.  வண்டியில் மலையிறங்கும்போது தெல்மா நடுவில் உட்கார்ந்து, தோட்டாப் பெட்டியை மடியில் வைத்து இரு கையாலும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகையில் ஆர்லோ ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தான். தெல்மா வந்து எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அளக்கிற கருவி எது?"

காட்டினான்.

"இனிமே நீ செய்யற ஒவ்வொண்ணையும் நான் அளந்த பிறகுதான் மருந்து. கோவம் வந்தா வரட்டும்."

"வரல" என்றான் ஆர்லோ.

அவள் முதல் கூட்டை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தை அளந்து பார்த்து, உதடு பிதுக்கி, ஒதுக்கி வைத்தாள்.