ஃபிரிட்ஜ் மேல் ஒரு சர்வர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய லேப்டாப் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்திகள் வந்து தங்கிப் போகிற சர்வர் அதுதான். கடலூரில் நானும் சிதம்பரத்தில் கார்த்திகேசனும், இரண்டே பேர் பேசிக்கொள்ள நானே அமைத்த சாட். வாட்ஸ்அப் என்றால் அவன் தங்கை எட்டிப் பார்ப்பாள். என் அண்ணன் லூர்து பிரகாஷ் 'லாஸ்ட் சீன்' வரைக்கும் ஆராய்ச்சி பண்ணுவான். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. அம்மாவிடம், நான் வேலை பார்க்கிற சிப்காட் கம்பெனி லேப்புக்காக என்று புளுகியிருந்தேன்.

நான் சர்ச்சுக்குப் போகிற பெண், வேண்டாம் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். "கொஞ்ச நாள் பேசாம இருப்போம்" என்றான். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. நானாகக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு வீம்பு. ஆனாலும் லேப்டாப்பை நிறுத்த மனசு வரவில்லை. இடையில் ஃபோன் உடைந்து புதுசு வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் சிணுங்கியது. அவன் பெயர். கீழே, 'இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை.'

எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் ஆப் அது. சாவி என் உடைந்த ஃபோனோடு போய்விட்டது. புது ஃபோனும் என்னுடையதுதான் என்று அவன் உறுதி செய்தால்தான் இனி அனுப்புவது திறக்கும். என் சர்வர், என் வீட்டுக் கரண்ட், அவன் எழுதியது என் தலைக்கு மேலேயே இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. யாரும் படித்துவிடக் கூடாது என்று அவ்வளவு கறாராகப் பூட்டுப் போட்ட மகராசி நானேதான். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"படிச்சிட்டியா?" என்றான். ஹலோகூடக் கிடையாது.

"தொறக்கல. புது ஃபோனு. என்ன எழுதுன?"

"வடலூர்ல ஒரு பொண்ணு. வீட்ல பேசி முடிச்சிட்டாங்க. மீதிய வாயால சொல்ல வரல, செல்வி. ஃபோன வெரிஃபை பண்ணு, திரும்ப அனுப்புறேன். படிச்சிட்டு என் அக்கவுண்ட அழிச்சிடு."

"சரி" என்றேன், பெரிய இவள் மாதிரி.

வெரிஃபை என்றால் இரண்டு ஃபோனிலும் ஏழு குட்டிப் படங்கள் வரும். வாய்விட்டுப் படித்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் சரி என்று அமுக்க வேண்டும். அவன் படித்தான்.

"குடை. யானை. சாவி. மீனு. மணி. ரயிலு. பூனை."

எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் இந்தக் குரலுக்கு! 'மீனு' என்று இழுக்கிற இழுப்பு அப்படியே இருந்தது. என் ஃபோனிலும் அதே குடை, அதே யானை, பூனை வரைக்கும் எல்லாம் அதே. அமுக்கினால் கடைசிச் செய்தி வரும், அதோடு இவன் போய்விடுவான்.

"ஒத்துவரல கார்த்தி. இன்னொரு தடவ பாப்போம்" என்றேன்.

புதுப் படங்கள் வந்தன. இந்தத் தடவை நான் படித்தேன், வேண்டுமென்றே மெதுவாக. "கோழி. பூட்டு. வாழப்பழம். கடியாரம். நிலா. சைக்கிளு. மரம்."

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவன் சரி என்றதும் அமுக்கிவிடலாம் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எனக்கு ஒத்துவரல, செல்வி" என்றான்.

"எது, கடைசிப் படமா?"

"படமெல்லாம் சரியாதான் இருக்கு."