தேன்சிட்டுப் பச்சை

இரும்புக் கேட்டில் யாரோ கல்லால் அடித்தார்கள். ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தவில்லை. பூட்டே தெறித்து விழும்படி விடாமல் அடித்தார்கள். நான் திடுக்கிட்டுக் கையை உதற, செம்பு நிறச் சாய டப்பா நழுவி உருண்டு தையல் மிஷினுக்கு அடியில் போய் ஒளிந்தது.

"போய் யாருன்னு பாருடா" என்றேன்.

கெர்வின் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவனுடைய இடது கை என் மடியில் இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம், ஊதா, தங்கம், பழுப்பு என்று கோடு கோடாக, கண்ணிமையில் போடும் ஐஷேடோ பூசி வைத்திருந்தேன். என் இரண்டு கைகளிலும் இடம் தீர்ந்துபோனதால் தம்பி மாட்டிக்கொண்டான்.

"நான் போனா வந்தவங்க ஓடிடுவாங்க. நீயே போ. அதோட இந்தக் கையைப் பார்த்தா பேயோட கல்யாணத்துக்கு மருதாணி வச்சிருக்கான்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க."

"காயட்டும், ஆட்டாதே. நாளைக்கு வண்டியில ஏறுறவங்க பார்த்து அழகா இருக்குன்னு சொல்வாங்க."

"யாருக்கா ஏறப் போறாங்க என் வண்டியில?"

கேட்டுச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

தவக்காலத்துக்கு முன் வரும் வேஷத் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் எனக்கு இதுதான் வேலை. திருவிழா நாளான செவ்வாய்க்கிழமை பொழுது விடியும் முன்னே, எங்கள் பேட்டையான பெல்மாண்டின் பெண்களில் பாதிப் பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து எழுவார்கள். பிறகு இறகும் மணியும் கட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில், இசை லாரிக்குப் பின்னால் இருட்டும் வரை ஆடுவார்கள். பவுடர் ஐஷேடோ போட்டால் மதியத்துக்குள் தாடைக்கு இறங்கிவிடும். அதனால் கிரீம் ஐஷேடோதான். புதிய டப்பாக்கள் வந்ததும் ஒவ்வொன்றையும் தோலில் இழுத்து, காயவிட்டு, தண்ணீர் தெளித்து, துண்டால் தேய்த்துப் பார்ப்பேன். எது மடிப்பில் சேருகிறது, எது உதிருகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த வருடம் கடல் தண்ணீரையும் சேர்த்திருந்தேன். ஆடி முடித்த மறுநாள், கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதன் அன்று, ஊரே மராக்காஸ் கடற்கரைக்குத்தான் ஓடும். "கடல்லயும் நிக்கணும் ஷெர்னெல், ஃபோட்டோ எடுக்கணும்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கெர்வினை அனுப்பி ஒரு பாட்டில் கடல் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். அவன் அந்தக் கடலைப் பார்க்காமல், முதுகைக் காட்டி நின்று பிடித்து வந்ததாகப் பிறகு சொன்னான்.

கேட்டைத் திறந்தேன். கையில் கல்லோடு, ஊரே டான்ட்டி, அதாவது அத்தை, என்று கூப்பிடும் எர்மின் நின்றிருந்தாள்.

வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஜெபமாலை. ஒரு வருடமாக எங்களை எதிரில் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போகிறவள். முகத்தில் பவுடர்கூடப் போடாதவள். மகள் ஒடெஸா உதட்டுச் சாயம் பூசிய நாட்களில் அவளுக்குச் சோறு போட மாட்டாள்.

"உள்ளே வரலாமா, பொண்ணே?"

"வாங்க, டான்ட்டி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் குரல் கேட்டதும் கெர்வின் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒடெஸா அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண். போன வருடம் செவ்வாய்க்கிழமை நான்தான் அவள் கண்களுக்கு வண்ணம் தீட்டினேன். தேன்சிட்டு வேஷம். தேன்சிட்டின் கழுத்தில் வெயில் பட்டால் ஒரு பச்சை வருமே, அதைக் கொண்டுவர எனக்குப் பெரும்பாடு ஆயிற்று. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஷெர்னெல், இது என் செத்த முகத்துலகூட இருக்கணும்" என்று சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் மராக்காஸ் மீனவர்கள் அவளைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கடற்கரையில் அன்று ஆயிரம் பேர். யார் யாரோடு வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"புதன் விடியக்காலையில அவ வீட்டு கேட்டுலதான் விட்டேன். உள்ளே போறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்" என்றான் கெர்வின். "என் பொண்ணு வீட்டுக்கு வரவே இல்ல" என்றாள் எர்மின். குடிபோதையில் ஆட்டத்திலிருந்து நேராகக் கடலுக்குக் கூட்டிப்போய்ச் சாகவிட்டுவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. போலீஸ் விட்டது, தெரு விடவில்லை. அவனுடைய வாடகை வேனில் ஆள் ஏறுவது நின்றது. பின் சீட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று பேச்சு. நான் அதை நம்பவில்லை. ஆனால் தினமும் காலையில் அவன் அந்த சீட்டைத் துண்டால் துடைப்பதை ஜன்னல் வழியே பார்க்கிறேன். வேன் ஜன்னல் ரப்பர் கிழிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தம்பியை நான் முழுசாக நம்பவில்லை. ஒரு தாய் இதில் பொய் சொல்வாளா?

எர்மின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அவ வர்றா" என்றாள்.

"யாரு, டான்ட்டி?"

"விடியும்போது வர்றா. கட்டில் கால்மாட்டுல நிக்கிறா. முடியில இருந்து தண்ணி சொட்டுது. முகத்துல ஒண்ணும் இல்ல. கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு. 'என் கண்ணு எங்கம்மா?'ன்னு கேக்கிறா. வேற ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா." ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டாள். "பாதிரியார் வந்து வீடு மந்திரிச்சார். வாசல்ல உப்பு போட்டேன். கேக்கல. அந்தக் கலரைக் கொடு. கல்லறையில வச்சிடுறேன். நீ பூசினது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஒரே டப்பா இல்ல, டான்ட்டி. கலந்து போட்டது. இப்ப நினைவுல இருந்து எடுக்கணும்."

"எடு."

"தோல் வேணும். அவளுக்கு உங்க நிறம். உங்க கையைக் கொடுங்க."

தயங்கித்தான் கையை நீட்டினாள். அந்தக் கையில் சாயம் படுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதலில் பளபளப்பே இல்லாத காட்டுப்பச்சை மேட் எடுத்தேன். விரல் நுனியில் சூடாக்கி இழுத்தால் வெண்ணெய் போல வந்தது. காய்ந்ததும் செத்த இலை. எர்மின் தலையை ஆட்டினாள். அடுத்து லேசாகப் பளபளக்கிற சாட்டின். அழகுதான், ஆனால் பாசி பிடித்த கல். பொடிப்பொடியாக மின்னுகிற ஷிம்மர் போட்டதும், "இது கிறிஸ்துமஸ் மரம்" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது; அவளுக்கு வரவில்லை. மெட்டாலிக் பச்சை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. ஆனால் தகரம் மாதிரி தனியாக மினுங்கியது. உள்ளே ஆழம் இல்லை.

பிறகுதான் தையல் மிஷினுக்கு அடியில் போன டப்பா நினைவுக்கு வந்தது. செம்பு. ஆமாம், அன்று செம்பும் இருந்தது. குனிந்து எடுத்தேன். கறுப்பை ஒட்டிய மேட் பச்சையை அடியில் மெல்லிசாகப் போட்டேன். அது இறுகும் முன்னே மெட்டாலிக் பச்சையைத் தட்டித் தட்டி வைத்தேன். நடுவில் மட்டும் செம்பு, விரலால் ஒரு ஒற்று. கை தானாகவே பக்கத்தில் இன்னொன்றும் போட்டது, இரண்டாவது கண்ணைப் போடுவது போல.

தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்று தயங்கிவிட்டுச் சுற்றியது.

எர்மினின் கையிலிருந்து ஒடெஸா எங்களைப் பார்த்தாள். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூடிய இமைகள் இரண்டு, அந்தப் பச்சையில், அந்தத் தோலில். திறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இதுதான்" என்றாள் எர்மின், உதடு மட்டும் அசைய.

பின்னறைக் கதவு திறந்தது. கெர்வின் வாசலில் நின்றான். எர்மினை அவன் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தான்.

"போட மாட்டேன்னுதானே சொன்னே அக்கா, இனிமே இந்தக் கலரை?" என்றான்.

"அவங்க கேட்டாங்கடா."

பழக்கதோஷம். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அசையவில்லை. பாட்டிலைத் திறந்து கடல் தண்ணீரை ஊற்றி, துண்டை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். மற்றக் கோடுகள் கொஞ்சம் மங்கின. அந்த இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. உப்பு காய்ந்ததும் இன்னும் மினுங்கின.

"கடல் இதை எடுக்கலையே" என்றான் கெர்வின்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். நான் துண்டைக் கீழே வைத்தேன். கடற்கரையில் ஒடெஸாவை அடையாளம் காட்டப் போனவன் அவன். அன்று திரும்பி வந்து சொன்ன ஒரே விஷயம், "அவ கண்ணுல ஒண்ணுமே இல்லக்கா, சுத்தமா வெறுமையா இருந்துச்சு" என்பதுதான். கடல் கழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போன வருடம் அந்த டப்பாக்கள் புதுசு. கடல் தண்ணீரில் நான் சோதித்திருக்கவில்லை.

எர்மின் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அதையே வெறித்தாள்.

"இதை எடு" என்றாள். "பாக்குது. எடு இதை."

"டப்பால கலந்து தர்றேன், அப்புறம்..."

"முதல்ல இதை எடு."

சோப்பு கொடுத்தேன். சமையலறைக் குழாயடியில் நின்று தேய்த்தாள். நுரை பொங்கியது, தண்ணீர் ஓடியது, பச்சை போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். தோல் சிவந்தது.

"சோப்புக்குப் போகாது, டான்ட்டி. இருங்க, என்கிட்ட..."

"எனக்குத் தெரியும், தேங்காய் எண்ணெய் கொடு." மூச்சு வாங்கியது அவளுக்கு. கண் கையை விட்டு நகரவில்லை. "உள்ளங்கையில ஊத்திச் சூடு பண்ணணும். தேய்க்கக் கூடாது, எரியும். மேல சும்மா வச்சு, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரம் இருக்கணும். அப்புறம் தானா வழுக்கிட்டு வந்துடும்."

எண்ணெய்ப் புட்டியை எடுக்கப் போன என் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது.

மற்ற பெண்களுக்கெல்லாம் கடையில் விற்கிற சாயம் நீக்கும் நீர்தான் கொடுத்து அனுப்பினேன். ஒடெஸாவுக்கு அது பட்டால் கண் வீங்கிவிடும். அதனால் அவளுக்கு மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தேங்காய் எண்ணெய் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் வைக்கணும் என்று கேட்டாள். நிமிஷக் கணக்கு சொன்னால் குடித்த பிறகு உனக்கு எங்கே நினைவிருக்கும் என்று கிண்டல் செய்து, அந்த ஜெபத்தைச் சொல்லி முடிக்கிற நேரம் என்றேன். "அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க" என்று கண்ணடித்துவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை.

"டான்ட்டி, இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எர்மின் அதை மூடவில்லை. கையிலிருந்த இரண்டு பச்சைக் கண்களின் மேலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"எங்கேயோ கேட்டேன்."

"எங்கேயும் கேட்டிருக்க முடியாது. நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில. அதுக்கப்புறம் அவ வீட்டுக்கு வரவே இல்லன்னு நீங்க சொல்றீங்க."

கெர்வின் வந்து குழாயை மூடினான். அவன் கை முழுக்க என் நீலமும் ஊதாவும். அவளுக்கு அருகில் நின்றான், தொடவில்லை.

"டான்ட்டி" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவளை அப்படிக் கூப்பிட்டான். "என் வண்டியில தினமும் பின் சீட்டு நனையுது. அவ இன்னும் வீடு போய்ச் சேரலன்னு நினைச்சு நானும் விடியும்போது உங்க கேட்டு வரைக்கும் வெறும் வண்டியை ஓட்டிட்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு நான் அவளைக் கேட்டுல விட்டேனா, இல்லையா?"

எர்மின் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வெள்ளைப் பாவாடை ஈரத்தில் நனைந்தது. நான் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கி, அவள் கைமேல் வைத்தேன். யாருமே ஜெபம் சொல்லவில்லை. பச்சை என் விரல்களுக்கு அடியில் மெல்ல இளகியது.

"கேட்டுலதான் விட்டே, கெர்வின்" என்றாள். "ஆடிக் களைச்சு நாற்காலியிலேயே தூங்கிட்டா, நான்தான் முழு ஜெபத்தையும் சொல்லி அவ கண்ணைத் துடைச்சுவிட்டேன், கண்ணாடியைப் பார்த்துட்டு 'என் கண்ணு எங்கம்மா'ன்னு அழுதா, 'இந்த வேஷத்தோட கோயிலுக்கு வந்து சாம்பல் வாங்குறதுக்கு நீ கடல்ல போய் விழலாம்'னு சொன்னேன், செருப்புகூட மாட்டாம போயிட்டா."