'லே' பற்றிய கட்டுரை கெட்டுப்போன விதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. தென்காசியில் கணேசமூர்த்தி என்று ஒருவர், காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு மாத இதழில் சின்னச் சின்னச் சொற்களைப் பற்றி எழுதிவருகிறார். இந்த மாதம் 'லே' பற்றிக் கேட்டார்கள். இரண்டு பக்கம்தான். மூன்று வாரமாக மனிதர் முதல் பத்தியைத் தாண்டவில்லை.

கணேசமூர்த்தி நான்தான். 'நான்' என்று எழுதினால் என் பக்கமே நியாயம் சேர்த்துக்கொண்டு போவேன். அதனால் ஆளைச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "இந்தியில் லே என்றால் எடுத்துக்கொள். நார்வேயில் சிரிப்பது. பிரெஞ்சில் ஆண்பால் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். சீனத்தில் வினைக்குப் பின்னால் வந்து, காரியம் நடந்தாகிவிட்டது என்று சொல்லும். (உச்சரிப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும்.) திருநெல்வேலிச் சீமையில் இந்தச் சொல்…"

இங்கே நின்றுவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "பழந்தமிழில் தோழனையும் தோழியையும் 'எல்லா' என்று விளித்தார்கள். அது ஏலா ஆகி, ஏலே ஆகி, கடைசியில் வால் மட்டும் மிஞ்சி…"

(இது என் ஊகம். ஆதாரம் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.)

இதுவும் நின்றது. லே என்று எழுதும்போதெல்லாம் அவர் காதில் ஒரே ஒரு ஆளின் குரல்தான் கேட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு மொழி ஆராய்ச்சி செய்ய முடியவில்லை.

3

அந்த ஆள் மாடக்கண்ணு. குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் கணேசமூர்த்தியும் அவனும் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சு. ஒருநாள் குளத்தங்கரை நாவல் மரத்திலிருந்து கணேசமூர்த்தி விழுந்து இடது தோள்பட்டை இறங்கிவிட்டது. மாடக்கண்ணுதான் அவரைச் சுமந்துகொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். வழியெல்லாம், "அழாதலே, அழாதலே" என்று சொல்லிவிட்டு அவனே அழுதான்.

(திருப்பிப் படித்தால் இப்போதுதான் கண்ணில் படுகிறது. கணேசமூர்த்திக்கு 'அவர்' போடுகிற கை, மாடக்கண்ணுவுக்குக் கேட்காமலே 'அவன்' போடுகிறது. இரண்டு பேருக்கும் வயது அறுபத்தொன்று. இந்த வரியிலிருந்து இரண்டு பேருமே அவன்தான்.)

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் லே என்பது, 'டா' மாதிரிதான், யாரும் யாரையும் சொல்வதல்ல. பெரியவன் சின்னவனைச் சொல்லலாம், முதலாளி வேலைக்காரனைச் சொல்வான். கீழேயிருந்து மேலே அது போகாது. மாடக்கண்ணு வீட்டுக்கும் கணேசமூர்த்தி வீட்டுக்கும் இடையில் அந்த மேல் கீழ் இருந்தது. கணேசமூர்த்தியின் அப்பாவுக்கு வயல் இருந்தது, அதில் மாடக்கண்ணுவின் அப்பா நாற்று சுமந்தார். ஆனாலும் இந்த இரண்டு பேருக்குள் அந்தச் சொல் ஐம்பது வருஷம் இரண்டு பக்கமும் போய்வந்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று கணேசமூர்த்திக்கு அப்போது உறைக்கவில்லை.

4

மூன்று சீசனுக்கு முன்னால், ஆடி மாதச் சாரலில், மகள் ஸ்வாதியைப் பெண் கேட்டு வந்த சென்னைக்காரர்களைக் கணேசமூர்த்தி ஐந்தருவிக்கு அழைத்துப் போனான். மாப்பிள்ளையின் அப்பா கூடவே நடந்துவந்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து, இடுப்பில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக மாடக்கண்ணு சத்தம் கொடுத்தான்.

"ஏலே கணேசா, எப்பம்லே வந்த?"

சென்னைக்காரர் திரும்பிப் பார்த்தார். கணேசமூர்த்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"ஆள் தெரியாம பேசாதப்பா. மரியாதையா பேசு."

ஊர்ப் பேச்சில்கூட அதைக் கணேசமூர்த்தி சொல்லவில்லை.

மாடக்கண்ணு பக்கத்தில் வந்து, "மன்னிச்சிருங்க சார்" என்றான். சம்பந்தியாகப் போகிறவர் பெருந்தன்மையாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம் என்றார். முதலில் அவர், பிறகு கணேசமூர்த்தி. பலகையில் கவிழ்ந்து படுத்தபோது மாடக்கண்ணுவின் கை முதுகெல்லாம் அழுத்தித் தேய்த்துவிட்டு, இடது தோள்பட்டைக்கு வந்ததும் மெதுவாகிவிட்டது. எங்கே வலிக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கணேசமூர்த்தி பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை வைத்தும் மாடக்கண்ணு வரவில்லை.

5

முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று: கணேசமூர்த்தி ஐந்தருவிக்குப் போகிறான். மாடக்கண்ணு சிரித்துக்கொண்டே, "வந்துட்டியாலே" என்று…

அடித்துவிட்டேன். பொய்.

இரண்டு: கணேசமூர்த்தியே முந்திக்கொண்டு, "ஏலே மாடக்கண்ணு" என்று கூப்பிடுகிறான். இதுவும் ஆகாது. அவன் வாயிலிருந்து இனி அது வந்தால் வயல்காரன் மகன் கூப்பிடுவது போலத்தான் கேட்கும்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை போனேன். (நான் என்றே வந்துவிட்டது. இருக்கட்டும்.) "வாங்க சார், உக்காருங்க" என்று பலகையைத் துடைத்துவிட்டான். நான் உட்காரவில்லை. அன்றைக்குச் சொன்னது தப்பு, என்னை சார் என்று கூப்பிடாதே என்று கேட்டுக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வேற எப்படிக் கூப்பிட, சார்? அன்னைக்கு நீங்கதான சொல்லிக் குடுத்திய."

அதற்குள் ஒரு குடும்பம் வந்து வரிசையில் நின்றது. நான் நகர்ந்து வழிவிட்டேன்.

6

கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு வரி போதும், அந்தச் சொல்லை மாடக்கண்ணு வாயில் வைத்துவிடலாம். நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவீர்கள். நான் வைக்க மாட்டேன். அவனிடமிருந்து ஒருமுறை அதைப் பிடுங்கினேன். மறுபடியும் அவனைக் கேட்காமல் அவன் வாயில் கை வைப்பது அதே வேலைதான்.

அதனால் கட்டுரையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடங்களுக்கு விடையை அவன்தான் எனக்குக் காட்டுவான்.

மாடக்கண்ணு சொன்னான்: "……………, கணேசா."

சாரல் காலத்தில் நீங்கள் எப்படியும் குற்றாலத்துக்குப் போவீர்கள். ஐந்தருவியில் அவன் பெயரைச் சொன்னால் காட்டுவார்கள். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள். அவன் நிரப்பினால் அது உங்கள் கதையின் முடிவு. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, படித்துப் பார்த்து, நிரப்பாமல் உங்களிடமே திருப்பிக் கொடுத்தால், என் கதை அங்கேயே சரியாக முடிந்துவிட்டது. வற்புறுத்தாதீர்கள்.